பழுது கேபிளில் இல்லை, பூமியில்!

கடலடி கேபிள் கரையேறும் நிலையத்தில் மின்சாரம் செலுத்தும் பிரிவில் இருக்கிறேன். 2024 மே மாதம் பெரிய சூரியப் புயல் வந்த இரவில் டியூட்டி என்னுடையது. எங்கள் கருவி கேபிளுக்குள் போகும் மின்னோட்டத்தை ஒரே அளவில் நிறுத்தி வைக்கும், அதற்காக மின்னழுத்தத்தைத் தானே ஏற்றி இறக்கிக்கொள்ளும். வழக்கமாக அந்த வோல்ட் கோடு நேராகப் போகும். அன்றைக்கு மெதுவாக ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அலாரம் எதுவும் இல்லை, சிக்னலும் சுத்தமாக இருந்தது.

கேபிளில் தகவலைச் சுமக்கும் கண்ணாடி இழையான ஃபைபரில் போவது ஒளி, அதைப் புயல் தொடாது. ஆனால் நடுக்கடலில் சிக்னலை வலுப்படுத்தும் ரிப்பீட்டர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் செம்புக்குத் திரும்பும் வழி கடலும் பூமியும்தான். பூமியின் காந்தப்புலம் ஆடினால் இரு கரைகளின் எர்த்துக்கு நடுவே மின்னழுத்த வித்தியாசம் வந்துவிடும். அதை ஈடுகட்டத்தான் எங்கள் கருவி வோல்ட்டை ஏற்றி இறக்கியது.

தந்திக் காலத்திலும் இதே கதைதான், இன்னும் மோசமாக. கடலைக் கடந்து வந்து சேரும் சிக்னல் அவ்வளவு பலவீனம், இயற்பியலாளர் வில்லியம் தாம்சனின் கண்ணாடி கால்வனோமீட்டரில் (மிகச் சிறிய மின்னோட்டத்தையும் காட்டும் கருவி) ஒரு ஒளிப்புள்ளி இடம் வலம் நகர்வதைப் பார்த்துத்தான் படித்தார்கள். பூமியிலிருந்து கொஞ்சம் மின்னோட்டம் நுழைந்தாலும் புள்ளி தன்பாட்டுக்கு ஓடிவிடும். தொலைபேசி கேபிள் வந்த பிறகும் இது விடவில்லை: 1958 பிப்ரவரி சூரியப் புயலில் ஸ்காட்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையிலான தொலைபேசி கேபிளில் 2,000 வோல்ட்டுக்கு மேல் ஏறி இறங்கியது.

ஆனால் எனக்கு இதையெல்லாம் விடப் பெரிய பாடம் கேப் டவுன். 1896-ல் அங்கே மின்சார டிராம் ஓட ஆரம்பித்ததும் கடலடித் தந்தியில் தொந்தரவு தொடங்கியது. தண்டவாளம் வழியாகத் திரும்ப வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பகுதி மண்ணுக்குள் கசிந்தது, நிலையத்தின் எர்த்தும் அதே மண்ணில்தானே, அதனால் வரும் சிக்னலைப் பதிவு செய்யும் சைஃபன் ரெக்கார்டர் கருவி காகிதத்தில் இழுக்கும் மைக்கோட்டில் எழுத்தோடு டிராமும் சேர்ந்து பதிவானது. சூரியனைப் பற்றி யாராலும் எதுவும் செய்ய முடியாது, இதற்கோ வழி இருந்தது: கேபிளோடு இன்னொரு கம்பியைக் கடலுக்குள் தள்ளிக் கொண்டுபோய், ஊர் மண்ணை விட்டு விலகி அங்கே எர்த் செய்வது.

இன்றும் கேபிளுக்கான எர்த்தைக் கட்டடத்தின் எர்த்தோடு சேர்க்காமல் கரையோரத்தில் தனியாகப் புதைக்கிறோம். விடிவதற்குள் கோடு ஓரளவு அடங்கிவிட்டது. ஷிப்ட் முடிந்ததும் முதலில் போய் அளந்தது அந்தக் கரையோர எர்த்தின் மின்தடையைத்தான், அது சரியாகவே இருந்தது.