புகைச் சான்றிதழும் இருக்கிறது, புகையும் இருக்கிறது

கல்லடி, வேன் ஓட்டுநர்:
கல்லடியிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்கு ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன், டீசல். புகைப் பரிசோதனை இல்லாமல் வாகனத்துக்கு வருட லைசன் எடுக்க முடியாது. 2008இல் மேல் மாகாணத்தில் தொடங்கிய முறை, பிறகு நம் பக்கமும் வந்தது. பெற்றோல் வாகனத்தில் காபன் மொனொக்சைட்டையும் எரியாத ஹைட்ரோகாபனையும் அளப்பார்கள். டீசலென்றால் அக்சிலேட்டரை ஒரேயடியாக மிதிக்கச் சொல்லி, குழாயில் வரும் புகையின் அடர்த்தியை மெஷின் பார்க்கும்.

போன முறை என் வேன் ஃபெயில். கராஜில் உடனே சொன்ன வழி: "டீசல் பம்பைக் கொஞ்சம் குறைச்சு விடுறன். பாஸானதும் கொண்டுவாங்க, பழையபடி கூட்டித் தாறன்." டீசல் குறைந்தால் புகையும் குறையும், இழுவையும் குறையும். இழுவை வேண்டுமென்று திரும்பக் கூட்டினால் கறுப்புப் புகை பழையபடி வரும், கையில் மட்டும் பாஸான தாள். ஊரில் பாதிப் பேர் செய்வது இதுதான் என்பது என் சந்தேகம். நான், எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நோசில்களைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். ஒன்று பூவாகத் தெளிக்காமல் ஒழுகிக்கொண்டிருந்தது. எயார் ஃபில்டரைத் தட்டினால் மண் கொட்டியது. காற்றுப் போதாமல் டீசல் அரைகுறையாக எரிந்தால் கறுக்காமல் என்ன செய்யும்? செலவு கையைக் கடித்தது. ஆனாலும் பம்பைத் தொடாமலே பாஸ், டீசலும் முன்னையவிடக் குறைவாகத்தான் குடிக்கிறது.

காத்தான்குடி, ஓட்டோ:
அண்ணன் சொல்வது சரி. எங்கள் பக்கம் பிரச்சினை நீலப் புகை. பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெற்றோலோடு எஞ்சின் ஒயிலும் சேர்ந்து எரியும். அந்த ஓட்டோக்களின் இறக்குமதி 2008இல் நின்றது, ஆனால் ஓடுவதை யாரும் நிறுத்தவில்லையே. 2020இலிருந்து 2025 வரை புது வாகனம் வராததால் கிழட்டு எஞ்சின்களையும் எப்படியோ இழுத்துக்கொண்டு போனோம். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் நீலம் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து ஒயில் உள்ளே போகும், கார்பரேட்டரைத் திருகிப் பயனில்லை.

மட்டக்களப்பு, ஆசிரியை:
2022 டிசம்பர் 9ஆம் திகதி காற்று கெட்டுப்போய் நாடு முழுக்கப் பாடசாலை மூடியது நினைவிருக்கிறதா? அன்று வந்த தூசு பெரும்பாலும் கடல் தாண்டி வந்தது. பள்ளி விடும் நேரம் வாசலில் நிற்கும் புகையோ நம்முடைய சொந்தச் சரக்கு. எஞ்சினை நிறுத்தாமல் வரிசையாக நிற்கும் வேன்கள், குழாய் சரியாகச் சின்னப் பிள்ளைகளின் முகத்து உயரத்தில். பெற்றோர் கூட்டத்தில் பேசி, காத்திருக்கும்போது எஞ்சினை நிறுத்தச் சொன்னோம். வேன்காரர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொண்டார்கள். ஏசி போட்டுக்கொண்டு காரில் காத்திருக்கும் பெற்றோர்தான் இன்னும் கேட்பதாயில்லை.