வாகைப் பலகை காபி டேபிள்: வெடிப்புக்கு யோசனை தேவை

காரைக்குடியில் அறுத்து வாங்கிய வாகைப் பலகை: 4 அடி நீளம், 2 அங்குல கனம். பட்டையை உரித்தாயிற்று, விட்டால் வண்டு அதற்கடியில்தான் குடியேறும். ஈரப்பதம் இன்னும் 15 சதவீதம். 12க்கு இறங்காமல் இழைத்தால் பலகை மறுபடி வளையும், அதனால் சந்தனம் பூசியதுபோல் இரண்டு முனையிலும் மெழுகு தடவி நிழலில் அடுக்கியிருக்கிறது.

ஒரு முனையில் 9 அங்குல வெடிப்பு, நகம் நுழைகிற அகலம். அது மேலும் ஓடாமலிருக்க, குறுக்கே தேக்கில் இரண்டு பட்டாம்பூச்சி ஆப்பு (நடு ஒடுங்கி இரு முனையும் விரிந்த மரத்துண்டு) இறக்க எண்ணம். அரை அங்குல ஆழம் போதுமா, முக்கால் வேண்டுமா?

இரும்புக் காலுக்கு ஸ்க்ரூ துளைகளை அகலவாக்கில் நீட்டியே போடுகிறேன். இறுக்கிவிட்டால் மரம் சுருங்கும்போது கிழியும்.

சூடான டபராவை நேரே வைக்கிற வீடு. வெள்ளைத் தடம் விழாதது லின்சீட் ஆயிலா (ஆளிவிதை எண்ணெய்), பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷா? போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.