ஸ்கெக் உடைந்துவிட்டது: வெல்டிங்கா, கவசமா?

கேள்வி: ஆழம் குறைந்த இடத்தில் பாறையில் இடித்துவிட்டேன். படகின் பின்னால் மாட்டும் 40 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின். புரொப்பெல்லருக்குக் கீழே துடுப்பு மாதிரி நீட்டியிருக்கும் தகடான ஸ்கெக்கில் மூன்று விரல் அகலம் காணோம். வேகமெடுத்தால் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கிறது. ஸ்டீல் கவசம் மாட்டினால் போதுமா?

பதில் 1: முதலில் இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, புரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஷாஃப்ட் கோணலாக ஆடினால் ஸ்கெக் கவலையெல்லாம் அப்புறம். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது.

பதில் 2: நான் டிக் வெல்டிங்கில் அலுமினியத் துண்டு சேர்த்தேன். தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீல்களைக் கழற்றாமல் வெல்டிங்குக்குக் கொடுத்தது என் முட்டாள்தனம், சூட்டில் கருகிவிட்டன.

பதில் 3: கவசமும் நல்லதுதான். ஆனால் உப்புத் தண்ணீரில் ஸ்டீலோடு உரசும் அலுமினியம் அரித்துப்போகும். நடுவே சீலன்ட் தடவுங்கள்.

கேட்டவர்: ஷாஃப்ட் நேராக இருக்கிறது, ஆயில்தான் வெளுப்பு. சரி, கியர் பகுதியைக் கழற்றுகிறேன்.