வியன்னாவுக்குச் சென்ற இளவரசியின் ஓவியங்கள்

கேள்வி:
ஸ்பெயின் அரசர் நான்காம் பிலிப்பின் மகள் மார்கரீட்டா தெரசாவை அரசவை ஓவியர் வெலாஸ்கெஸ் குழந்தைப் பருவம் தொட்டே பலமுறை வரைந்திருக்கிறார். இளஞ்சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய உடைகளில் அவர் நிற்கும் மூன்று ஓவியங்கள் மாட்ரிட்டில் இல்லாமல் வியன்னா அருங்காட்சியகத்தில் இருப்பது எதனால்? அவற்றில் முகத்தைவிட ஆடை இவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொள்வது ஏன்?

பதில் 1:
எல்லாம் திருமணப் பேச்சுதான். 1651இல் பிறந்த மார்கரீட்டா, தம் தாய்மாமனும் வியன்னாவிலிருந்து ஆண்ட பேரரசருமான லியோபோல்டுக்குச் சிறுவயதிலேயே பேசி வைக்கப்பட்டவர். இரு நாடுகளையும் ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் ஸ்பானியக் கிளையும் ஆஸ்திரியக் கிளையும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தே தங்கள் உறவைக் காத்துவந்தன. மணப்பெண் நலமாக வளர்ந்து வருகிறாள் என்பதை வியன்னா அரசவைக்குக் காட்டவே அந்த ஓவியங்கள் அங்கே அனுப்பப்பட்டன.

பதில் 2:
ஆடையைப் பற்றிச் சொல்கிறேன். இடுப்புக்குக் கீழே வளையச் சட்டத்தின் மேல் விரிந்து நிற்கும் அந்தப் பாவாடை ஸ்பானிய அரசவைக்கே உரிய அடையாளம். அரசகுல மகள் எட்டு வயதிலும் அதை அணிந்தே நின்றாக வேண்டும். ஆனால் அதை வெறும் செல்வக் காட்சி என்று ஒதுக்குவது பெரிய அநியாயம் என்பேன். 1659இல் வரைந்த நீல உடை ஓவியத்தை நெருங்கிப் பார்த்தால், வெள்ளிச் சரிகை இருக்க வேண்டிய இடத்தில் அவசரமாக இழுத்துவிட்டது போன்ற சில தூரிகைக் கீற்றுகளே தெரியும்; நாலடி பின்னால் நகர்ந்தால் அவையே சரிகையாகத் திரண்டு மின்னும். இத்தனை பகட்டுக்கு நடுவே, கைகளை நுழைத்துக் குளிர்காக்கும் மென்மயிர் உறையைப் பிடித்தபடி நிற்கும் அந்தக் குழந்தையின் முகத்தை மட்டும் வெலாஸ்கெஸ் கூர்மையான கோடு எதுவுமின்றி மிக மென்மையாக விட்டிருக்கிறார்.

பதில் 3:
மூத்த அக்காள் மரியா தெரசாவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாடாவில் இரண்டு கடிகாரங்கள் தொங்க நிற்கும் அவருடைய ஓவியமும் வியன்னாவில்தான் இருக்கிறது. ஆனால் 1659இல் பிரான்சுடன் ஏற்பட்ட பிரனீஸ் அமைதி உடன்படிக்கையின்படி, அடுத்த ஆண்டே அவர் பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயிக்கு மனைவியானார். படம் போன அரண்மனைக்குப் பெண் போகவில்லை. மார்கரீட்டா மட்டும் 1666இல் வியன்னாவுக்கு மணமாகிச் சென்று, 1673இல் 21 வயதிலேயே இறந்தார். தந்தை மறைந்தபின் கறுப்பு உடையில் அவரை வரைந்தவர் வெலாஸ்கெஸின் மருமகன் மாசோ. அந்த ஓவியம் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீல உடை ஓவியத்துக்கு அருகில் வைத்து அதைப் பார்த்தால், மாமனாரின் தூரிகையிலிருந்த எந்த இலகுவான வீச்சு மருமகனுக்கு வாய்க்கவில்லை என்பது தெளிவாகப் புலப்படும்.