மறு: ஜீனோடாக்ஸிசிட்டி – ‘மரபு நச்சுத்தன்மை’ வேண்டாமே

> ‘மரபு நச்சுத்தன்மை’ என்றே வைத்துக்கொள்ளலாமே, சுருக்கமாகவும் இருக்கிறது.

வணக்கம் ஐயா.

ஜீனோடாக்ஸிசிட்டிக்கு, அதாவது ஒரு வேதிப்பொருள் செல்லின் டி.என்.ஏ.வைக் கெடுக்கும் தன்மைக்கு, நீங்கள் சொன்ன சொல் சுருக்கம்தான். ஆனால் போன வாரம் கடலூர் முதுநகர் டீக்கடையில் இந்தச் சொல்லோடு நான் மாட்டிக்கொண்டேன். ஷிப்ட் முடிந்து வந்த ஒருவரிடம் நம் கையேட்டின் வரைவைக் காட்டினேன். சாய டிரம் கழுவுகிறவர். விரலிடுக்கெல்லாம் மஞ்சள் ஏறி, நகத்தைச் சுற்றித் தோல் உரிந்திருந்தது. படித்துவிட்டு, “மரபுன்னா எம் புள்ளைங்களுக்கும் வருமா சார்?” என்றார். விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிப்போனது.

மரபு என்றாலே பரம்பரை என்றுதான் காதில் விழுகிறது. தோல் செல்லில் டி.என்.ஏ. அறுந்தால் அது அவர் உடம்போடு சரி. புற்றாக முளைக்கலாம், பிள்ளைக்குப் போகாது. விந்தணுவிலோ கருமுட்டையிலோ பழுது விழுந்தால்தான் அடுத்த தலைமுறைப் பேச்சே. ‘சடுதிமாற்றம்’ (மியூட்டேஷன்) என்பதும் பொருந்தாது. அறுந்ததைச் செல் சரியாக ஒட்டிவிட்டால் மாற்றமே மிஞ்சாது, ஆனாலும் ஊறு நேர்ந்தது நேர்ந்ததுதான்.

எக்ஸ்போஷருக்கு, அதாவது வேதிப்பொருள் மேலே படுவதற்கு, ‘வெளிப்பாடு’ இன்னும் மோசம். ‘மரபணு வெளிப்பாடு’ வேறொன்றுக்கு ஏற்கெனவே புழங்குகிறது. தொழிலாளர்கள் “மேல பட்டுச்சு” என்கிறார்கள். ‘தோலில் படுதல்’ போதும்.

தோலில் பட்டு டி.என்.ஏ.வுக்கு வரும் கேட்டுக்கு என் பரிந்துரை: தோல்வழி டி.என்.ஏ. ஊறு. ஊறு என்றால் கேடு. குறள் 27-ல் ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றம்’ என்னும்போது தொடுவுணர்வு. தண்ணீரில் ஊறுவதும் நினைவுக்கு வரும். மூன்றுமே இங்கே வேண்டியவை.

‘வழி’யை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1775-ல் பெர்சிவல் பாட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், லண்டனில் புகைபோக்கி துடைத்தவர்களுக்கு விதைப்பைத் தோலில் வந்த புற்றைக் கரியோடு முடிச்சுப் போட்டார். அங்கே பட்ட இடமே கெட்ட இடம். சாயத் தொழிலின் பென்சிடின் என்ற வேதிப்பொருள் அப்படியில்லை; தோல் வழியாகவும் உள்ளே இறங்கும், புற்று வருவதோ சிறுநீர்ப்பையில். ‘தோல் ஊறு’ என்று சுருக்கினால் இது விட்டுப்போகும்.

டி.என்.ஏ.வை அப்படியே வைத்ததற்குத் தனித்தமிழ் அன்பர்கள் கோபிக்க வேண்டாம். ‘மரபணு’ போட்டால் மரபு திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். டீக்கடைக்காரரே “டெஸ்ட் எடுப்பாங்களே, அதானே” என்றார்.

அப்புறம், இந்த ஊறைச் செய்யும் வேதிப்பொருளுக்கு ‘ஊறுவிளைவி’ சரிவருமா? ஊறுகாய் நகைச்சுவைகளை முன்கூட்டியே ஏற்றுக்கொள்கிறேன்.