கராஜில் நின்று பழகுவதும் பயிலுநராகச் சேர்வதும் ஒன்றா?

கேள்வி: கொட்டாஞ்சேனைத் தாய்

என் மகன் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, உயர்தரம் படிக்க விருப்பமில்லை என்று உறுதியாகச் சொல்லிவிட்டான். அவனுடைய மனமெல்லாம் வாகனத் திருத்த வேலையிலேயே இருக்கிறது. கிராண்ட்பாஸில் கராஜ் வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவர், இரண்டு வருடம் தம்மிடம் நின்று பழகட்டும், கைச்செலவுக்குக் காசு தருகிறேன் என்கிறார். என் தம்பியோ, அரசாங்கத்தில் பதிந்து பயிலுநராகவே சேர்க்க வேண்டும் என்கிறார். எப்படியும் கராஜில்தான் வேலை பழகப் போகிறான் என்றால், பதிவதால் என்ன வித்தியாசம்?

பதில்: தெமட்டகொடை மின்வேலையாள்

அக்கா, உங்கள் தம்பி சொல்வதே சரி. நான் பதினெட்டு வயதில் ஒரு வேலைத்தளத்தில் எந்த எழுத்தும் இல்லாமல் சேர்ந்து, முதல் எட்டு மாதமும் மண்ணெண்ணெய்த் தட்டில் உதிரிப்பாகங்களைக் கழுவிக்கொண்டும், பாஸ்மாருக்குத் தேநீர் வாங்கிக்கொண்டும் இருந்தேன். ('பாஸ்' என்பது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல், அதிகாரமும் அதனோடு சேர்ந்தே வந்ததுபோலும்.) வயரிங் வேலையை நானாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். இரண்டரை வருடம் கழித்து விலகியபோது, அங்கே நின்றதற்கு ஒரு துண்டுக் கடிதம்கூடத் தர மறுத்துவிட்டார்கள்.

முறையான பயிலுநர் பயிற்சியில் ஒப்பந்தம் எழுதப்படுகிறது. வேலைகொள்வோர், பயிலுநர், தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை ஆகிய மூன்று தரப்பும் அதில் வருவதால், என்ன தொழில், எவ்வளவு காலம் என்பவை வாய்ப்பேச்சாக நில்லாமல் எழுத்தில் இருக்கும். பயிலுநர் ஒரு பதிவுப் புத்தகமும் வைத்திருக்க வேண்டும். பிரேக் சூ மாற்றினேன், ரேடியேட்டர் கழற்றினேன் என்று செய்த வேலையைத் தன் கையால் எழுதி, மேற்பார்வையாளரின் ஒப்பத்தை வாங்கவேண்டும். கிரீஸ் படிந்த அந்தப் புத்தகத்தில் தொடர்ந்து ஆறு பக்கம் 'கழுவினேன்' என்று இருந்தால், பரிசோதிக்க வருபவர் கேள்வி கேட்காமல் விடமாட்டார். எனக்கு அப்படிக் கேட்க ஒருவரும் இருக்கவில்லை.

பிற்பாடு, முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில், அதாவது வேலையில் ஏற்கெனவே பழகியதைச் சோதித்துச் சான்றிதழ் தரும் முறையில், மதிப்பீட்டுக்குத் தோற்றி, தேசிய தொழிற்தகைமை மூன்றாம் மட்டம் பெற்றேன். ஆதாரம் சேர்ப்பதே பெரும்பாடாக இருந்தது.

பதில்: ஓய்வுபெற்ற போதனாசிரியர்

மேலே சொன்னவற்றோடு இரண்டு விடயங்களைச் சேர்க்க விரும்புகிறேன். இந்தத் தகைமைச் சட்டகத்தில் ஏழு மட்டங்கள் உண்டு: நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். நான்காம் மட்டம் முழுமையான கைவினைஞர் என்பதைக் குறிக்கும். ஆகவே, பயிற்சியின் முடிவில் எந்த மட்டத்துக்கு மதிப்பிடுவார்கள் என்பதை ஒப்பமிடுவதற்கு முன்பே கேளுங்கள். உயர்தரம் படிக்காதவனுக்குக் கல்வி அத்தோடு முடிந்துவிடும் என்ற கவலை பெற்றோரிடம் இருக்கிறது. இந்த ஏணியில் ஏறி, இரத்மலானையில் உள்ள தொழிற்தொழினுட்பவியல் பல்கலைக்கழகம் வரை போனவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, தனியார் பயிற்சி நிலையங்களைப் பற்றியது. மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவுசெய்யப்பட்டிருப்பது வேறு, குறித்த பாடநெறி தரச்சான்று பெற்றிருப்பது வேறு. பதாகையில் முதலாவதை மட்டும் பெரிதாக எழுதிக் கட்டணம் வாங்குவோர் உண்டு. நாரஹேன்பிட்டியில் உள்ள ஆணைக்குழுவிலேயே விசாரித்துவிடுவது நல்லது.

வேலைத்தளம் அமையாவிட்டால், அதிகார சபையே நடத்தும் வாகனப் பொறியியல் பயிற்சி நிறுவனம் ஒருகொடவத்தையில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கும் தூரமில்லை. எந்த மொழியில் கற்பிக்கிறார்கள் என்பதை மாத்திரம் முன்கூட்டியே கேளுங்கள். தமிழில் படித்த பிள்ளைகள் கைவேலையில் தேறினாலும், சிங்களத்தில் நடக்கும் வகுப்பில் முதல் சில மாதங்கள் திணறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கொட்டாஞ்சேனைத் தாய்

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை கராஜ் உரிமையாளரிடம், பதிந்து எடுக்கச் சம்மதமா என்று கேட்டேன். "நமக்குள்ளே எதற்கு எழுத்தெல்லாம்?" என்று சிரித்தார். மகனும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். புதன்கிழமை அவனுடைய பெறுபேற்றுத் தாளையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு, இராஜகிரியவில் உள்ள அதிகார சபையின் தலைமை அலுவலகத்துக்குப் போகிறோம்.