பனிக்கரடியைப் பார்க்கப் பறந்து போவது நியாயமா?

மீனாட்சி:
கனடாவின் சர்ச்சில் ஊருக்குப் பனிக்கரடி பார்க்கப் போவதை இனியும் நியாயப்படுத்த முடியாது என்பது என் கருத்து. அந்த ஊர் இருக்கும் ஹட்சன் விரிகுடாவின் மேற்குப் பகுதியில் 2016-இல் 842 கரடிகள் இருந்ததாக மதிப்பிட்டார்கள். 2021-இல் 618. கடல் உறைந்தால்தான் கரடியால் தன் இரையான சீல் என்ற கடல்விலங்கைப் பிடிக்க முடியும். உறையாத நாள்கள் வருடத்துக்கு வருடம் கூடுகின்றன, அத்தனை நாளும் கிட்டத்தட்டப் பட்டினிதான். ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு செப்டம்பர் மாத ஆர்க்டிக் கடல்பனியில் சுமார் 3 சதுர மீட்டரைக் கரைக்கிறது என்று 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. கண்டம் தாண்டிப் பறந்து போய்வருபவர் ஒரு டன்னைச் சுலபமாகத் தாண்டிவிடுவார். எதைப் பார்க்கப் போகிறாரோ அதன் காலடியையே கரைத்துவிட்டு வருகிறார்.

கதிரவன்:
கரடிகளில் சில பக்கத்துப் பகுதிக்கு நகர்ந்திருக்கலாம் என்றும் அந்தக் கணக்கெடுப்பைச் செய்தவர்களே சொன்னார்கள், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சரி, குறைகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் சர்ச்சிலில் ஊருக்குள் நுழைந்த கரடிக்குத் துப்பாக்கிதான் பதில். இன்று கூண்டு வைத்துப் பிடிக்கிறார்கள், தனிக் கட்டடத்தில் அடைத்து வைக்கிறார்கள், அப்புறம் ஹெலிகாப்டரில் வடக்கே கொண்டுபோய் விடுகிறார்கள். கரடி உயிரோடு இருந்தால்தான் தங்களுக்கும் பிழைப்பு என்று ஆயிரம் பேர்கூட இல்லாத அந்த ஊர் நினைப்பதில் சுற்றுலாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த வருமானத்தை நிறுத்திவிட்டு ஊர்க்காரர்களிடம் பொறுமையை மட்டும் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நிலவன்:
விமானத்தை விடுங்கள், நேரில் நடக்கும் தொந்தரவைப் பாருங்கள். சர்ச்சிலில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய பெரிய சக்கர வண்டிகள் பக்கத்தில் வரும்போது, படுத்திருக்கும் ஆண் கரடிகள் அடிக்கடி தலையைத் தூக்கிப் பார்ப்பதை 2004-இல் வெளிவந்த ஆய்வு பதிவு செய்திருக்கிறது. மாதக்கணக்கில் உடம்புக் கொழுப்பிலேயே காலம் தள்ளும் விலங்கு அது. அதன் ஓய்வைக் கெடுக்க நமக்கு என்ன உரிமை? நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் 2025 முதல் கரடியிலிருந்து 300 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். அங்கே 2018-இல், சுற்றுலாக் கப்பலிலிருந்து பயணிகள் இறங்கும் முன் கரையைச் சோதிக்கப் போன கப்பல் காவலரைக் கரடி தாக்கியது. கரடியைச் சுட்டுக் கொன்றார்கள். அது தன் இடத்தில்தான் இருந்தது.

கதிரவன்:
தூர விதிக்கு நான் எதிரியே இல்லை, சர்ச்சிலிலும் வரட்டும். விமானம்தான் குறை என்றால் கனடாவின் வின்னிபெக் நகரத்திலிருந்து சர்ச்சிலுக்கு ரயில் இருக்கிறது, இரண்டு நாள் பயணம்.

மீனாட்சி:
வின்னிபெக்குக்கே எல்லோரும் எப்படி வருகிறார்கள் கதிரவன்? கனடாவுக்குள்ளிருந்து ரயிலேறிப் போகிறவரை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அந்த ஊரின் வருமானத்துக்கு அவர்கள் போதாது என்றால், மிச்சத்தை அரசு கொடுக்கட்டும். கரடியைக் காப்பது மொத்த நாட்டின் வேலை, அதைச் சுற்றுலாப் பயணியின் டிக்கெட்டில் ஏன் கட்டிவைக்க வேண்டும்?

கதிரவன்:
அரசு கொடுக்கும் என்று உங்களுக்கு இருக்கும் நம்பிக்கை எனக்கு இல்லை. கொடுக்கும்வரை வண்டிகள் ஓடட்டும் என்பேன்.